கவாத்து அடிச்சு கெடுத்துட்டேனா? ஃபீனிக்ஸ்ல பொண்ணு வீட்டுத் தோட்டம்

கோத்தகிரி_தேயிலை
ஆகஸ்ட் 24, ராத்திரி 9:40

எல்லாருக்கும் வணக்கமுங்க. கோத்தகிரி பக்கம் ரெண்டு ஏக்கர் தேயிலை வெச்சிருக்கேன், வாசல்ல பூச்செடி, பின்னாடி மேரக்காய் பந்தல், நாப்பது வருஷமா மண்ணுலயே கெடக்குறவன், நமக்கு தோட்டம் தெரியும்னு நெனச்சதுதான் இப்ப வினையா வந்துருச்சு.

பொண்ணும் மாப்பிள்ளையும் அரிசோனால ஃபீனிக்ஸ் பக்கத்துல போன வருஷம் வீடு வாங்குனாங்க, ஏப்ரல்ல போயி ஜூலை கடைசில திரும்பி வந்தேன். முன்னாடி ஒரு துண்டு புல்லு, ஒரு ஆரஞ்சு மரம், ரெண்டு காகிதப்பூ, அப்புறம் கேட்டா சிரிப்பீங்க, இங்க காடு பூரா பரவி வனத்துறைக்காரங்க புடுங்கி மாளாத உண்ணிச்செடியை அங்க காசு குடுத்து வாங்கி சுவரோரமா வரிசையா நட்டு வெச்சிருக்காங்க. மிச்ச இடமெல்லாம் பொடி ஜல்லி. வீடு கட்டுனவன் ஜல்லியை அள்ளாம போயிட்டானான்னு மாப்பிள்ளைகிட்ட கேட்டேன், அதான் மாமா தோட்டமேன்னாரு.

சும்மா உக்கார முடியுதா. மே மாசம் இங்க கோடை மழை ஈரத்துல கவாத்து அடிச்சா, அதான் கிளையை வெட்டி விட்டா, ஜூன் மழைக்கு தளதளன்னு துளிர் வந்துரும்ல, அதே மாதிரி மே முதல் வாரம் எல்லாத்துக்கும் நல்லா ஒரு கவாத்து போட்டேன். ஆரஞ்சுல தரையைத் தொட்டுட்டு கெடந்த கீழ்க்கிளையெல்லாம் எடுத்து தண்டு பளிச்சுன்னு தெரியுற மாதிரி வெச்சேன், கூட்டிப் பெருக்க வசதியா இருக்கும்னு. அடுப்புச் சாம்பலை வேர்ல போட்டேன். தண்ணிக்கு சொட்டுநீர் இருக்கு, டைமர்ல காலைல 10 நிமிஷம் சாயங்காலம் 10 நிமிஷம் வெச்சேன். நம்ம ஊர் ஞாபகத்துக்கு கடையில இருந்து ஒரு ஹைட்ராஞ்சியா வாங்கி நட்டேன், நாலே நாள்ல அப்பளம்.

இப்ப பொண்ணு போட்டோ அனுப்புது. காகிதப்பூவுல இலை ஓரமெல்லாம் கருகியிருக்கு, ஆரஞ்சு மரத்துல மேற்கு பக்கம் பட்டை வெடிச்சு உரியுது, புல்லு திட்டுத்திட்டா காஞ்சு கெடக்கு. புல்லைச் சரி பண்ணுங்கன்னு அந்த காலனி அசோசியேஷன்ல இருந்து லெட்டர் வேற. மாப்பிள்ளை ஒண்ணும் சொல்லல, அதான் இன்னும் சங்கடமா இருக்கு. அந்த ஊர்ல எந்த மாசம் என்ன செய்யணும், தெரிஞ்சவங்க சொல்லுங்க.

எமரால்டு_மேஸ்திரி
ஆகஸ்ட் 24, ராத்திரி 10:25

அண்ணா நான் ஊட்டி பக்கம் எமரால்டு. எமிரேட்ஸ்ல அல் ஐன்ங்கிற ஊர்ல 11 வருஷம் லேண்ட்ஸ்கேப் கம்பெனில ஃபோர்மேனா இருந்துட்டு ஊரு வந்து சேந்தவன். அரிசோனா பாத்ததில்ல, ஆனா பாலைவனம் பாத்திருக்கேன்.

ஒண்ணு புரிஞ்சுக்கோங்க, அங்கெல்லாம் செடிக்கு வருஷம் அக்டோபர்லதான் பொறக்குது. அக்டோபர் கடைசில பெட்டூனியா, செண்டுமல்லி எல்லாம் ரவுண்டானா ரவுண்டானாவா நடுவோம், வெயில் ஏறுனதும் புடுங்கிப் போட்டுட்டு சும்மா இருப்போம். மே மாசம் நட்டதும் தப்பு வெட்டுனதும் தப்பு. எமிரேட்ஸ்ல ஜூன் 15ல இருந்து செப்டம்பர் 15 வரைக்கும் மத்தியானம் 12:30க்கு மேல 3 மணி வரைக்கும் வெளில வேலை வாங்கக் கூடாதுன்னு சட்டமே இருக்கு, மனுசனுக்கே நிழல் குடுக்குற நேரத்துல நீங்க செடியோட நிழலை வெட்டிப் போட்டுட்டு வந்திருக்கீங்க.

புது மரம் வைக்கிறதா இருந்தா அந்த மண்ணுக்குன்னே பொறந்ததா பாத்து வைங்க. எமிரேட்ஸ்ல தேசிய மரம் காஃப், வேற ஒண்ணும் இல்ல நம்ம கோயில் வன்னி மரந்தான், வேர் ஒரு தடவை கீழ போயிருச்சுன்னா தண்ணியே கேக்காது.

தண்ணி ரெண்டு வேளை விட்டது சரிதான், நேரந்தான் பத்தாது. வேளைக்கு அரை மணி நேரமா ஏத்துங்க, தினமும்.

வெலிங்டன்_அக்கா
ஆகஸ்ட் 25, காலை 6:50

மேஸ்திரி அண்ணா சொன்னதுல காலண்டர் ரொம்ப சரி. ஆனா ஐயா, தண்ணி விஷயத்துல மட்டும் அவர் பேச்சைக் கேட்டுடாதீங்க. அல் ஐன் மணல், மேல ஊத்துனா சல்லடை மாதிரி இறங்கிடும், தினமும் விட்டுத்தான் ஆகணும். நான் சாண்ட்லர்ல 9 வருஷம் இருந்தேன், ஃபீனிக்ஸை ஒட்டித்தான். பல வீட்ல களிமண், தோண்டுனா சில இடத்துல கலீச்சேன்னு சுண்ணாம்பு இறுகி சிமெண்ட் தளம் மாதிரி கெடக்கும், கடப்பாரை பட்டா கை அதிரும். அங்க தினமும் கொஞ்சம் கொஞ்சமா விட்டா தண்ணி மேலயே நின்னு ஆவியாப் போகும், வேரும் தண்ணி இருக்குற இடத்துக்கு மேலயே வந்துரும், அப்புறம் 43 டிகிரி வெயில்ல அந்த வேர் வெந்துரும்.

கணக்கு போட்டுப் பாருங்க. ஒரு எமிட்டர்ல, அதான் தண்ணி சொட்டுற முனைல, மணிக்கு சுமார் 4 லிட்டர் வரும்னு வெச்சுக்கிட்டா 10 நிமிஷத்துக்கு முக்கா லிட்டர் கூட இல்ல. ஒரு சொம்பு. அந்த ஆரஞ்சு மரத்துக்கு நீங்க ஒரு வேளைக்கு ஒரு சொம்பு தண்ணி காட்டியிருக்கீங்க. வருஷத்துக்கே 18 சென்டிமீட்டர் மழை பெய்யுற ஊரு அது, 2019 ஆகஸ்ட்ல நம்ம அவலாஞ்சில ஒரே நாள்ல 80 சென்டிமீட்டருக்கு மேல கொட்டுச்சு ஞாபகம் இருக்கா. இங்க மழை பாத்துக்கும், அங்க நீங்கதான் மழை.

இலை ஓரம் கருகுனதுக்கு உப்பும் ஒரு காரணமா இருக்கும். அங்க குழாய்ல வர்ற தண்ணில ஒரு பங்கு கொலராடோ ஆத்துல இருந்து பாலைவனம் தாண்டி 500 கிலோமீட்டருக்கு மேல கால்வாய்ல வர்றது, உப்பு ஜாஸ்தி. சொம்பு சொம்பா விட்டா உப்பு வேர்கிட்டயே தங்கிடும், எமிட்டர் சுத்தி மண்ணுல வெள்ளையா பொரிஞ்சிருக்கான்னு பொண்ணை பாக்கச் சொல்லுங்க. ஆழமா விட்டாத்தான் அது கீழ கழுவிட்டுப் போகும்.

அளவு ரொம்ப சுலபம், பூச்செடி புல்லுக்கு ஒரு அடி, புதர்ச்செடிக்கு ரெண்டு அடி, மரத்துக்கு மூணு அடி ஆழம் நனையணும். ஒரு நீளக் கம்பியை தண்ணி விட்டதுக்கு மறுநாள் குத்திப் பாக்கச் சொல்லுங்க, ஈரம் இருக்குற வரைக்கும் வெண்ணெய்ல போற மாதிரி இறங்கும், காஞ்ச இடம் வந்தா நிக்கும். அப்படி ஒரு தடவை நனைச்சாச்சுன்னா ஆரஞ்சுக்கு கோடைலயே வாரம் பத்து நாளைக்கு ஒரு தடவை போதும், குளிர்காலத்துல ரெண்டு மூணு வாரத்துக்கு ஒருக்கா. எமிட்டர் தண்டுகிட்ட இருக்கா பாருங்க, செடி நடுறப்ப வெச்சதை யாரும் நகத்தவே மாட்டாங்க. உச்சி வெயில்ல மரத்து நிழல் எங்க முடியுதோ அங்க வளையமா ஒரு எட்டு எமிட்டர் போடணும், குடிக்கிற வேர் அங்கதான் இருக்கு.

ஆரஞ்சுக்கு அந்த கீழ்க்கிளைதான் ஐயா பாவாடை, தண்டு வெயில் பாக்கவே கூடாது. அங்க பழத்தோட்டத்துல தண்டுக்கு வெள்ளை அடிச்சிருப்பாங்களே, அழகுக்குன்னு நெனச்சீங்களா? உள் சுவருக்கு அடிக்கிற வாட்டர் பேஸ் வெள்ளை பெயிண்ட்ல பாதிக்குப் பாதி தண்ணி கலந்து வெயில் படுற தண்டு கிளை எல்லாத்துக்கும் இந்த வாரமே அடிக்கச் சொல்லுங்க. உரியுற பட்டையை நோண்ட வேண்டாம். கத்தி வைக்கணும்னா பிப்ரவரி மார்ச்சுல, அதுவும் காஞ்ச குச்சி மட்டும். உரம் பிப்ரவரி, மே, செப்டம்பர்னு மூணு தடவை போடுவோம், இந்த தடவை மரம் அடிபட்டு கெடக்கு, முதல்ல தண்ணியை சரி பண்ணிட்டு அப்புறம் பாக்கலாம்.

சாம்பலைப் படிச்சதும் தலைல கை வெச்சுட்டேன். நம்ம மண்ணு புளிப்பு, அதனால நம்ம டோலமைட், சுண்ணாம்பு, சாம்பல் எல்லாம் போடுறோம். அங்க மண்ணே சுண்ணாம்பு. ஹைட்ராஞ்சியா நம்ம ஊர்ல நீலமா பூக்குறதே இந்த புளிப்பாலதான், அங்க பொழைச்சிருந்தாலும் ரோஸாத்தான் பூத்திருக்கும். மறந்துருங்க.

மலைப்பூண்டு
ஆகஸ்ட் 25, காலை 11:15

கொடைக்கானல்ல ஒரு ரிசார்ட் லான் பாத்துக்குறேன், நமக்கு புல்லுதான் சோறு. இந்த ஃபீனிக்ஸ்ல என்ன புல்லு? கிக்குயூவா? அந்த வெயில்ல லான் வெச்சுக்கிட்டு தண்ணி பஞ்சம்னு பொலம்புறவங்களை நெனச்சா எனக்கு ஆத்திரமா வருது, ஜல்லியே போதும்னு நான் சொல்வேன். அது கெடக்கட்டும், குளிர்காலத்துல அது பச்சையா இருக்குமா?

வெலிங்டன்_அக்கா
ஆகஸ்ட் 25, மதியம் 2:30

கிக்குயூ இல்ல தம்பி, பெர்முடா. நம்ம பிள்ளையாருக்கு வைக்கிற அருகம்புல்லேதான், லான் ரகம். வெயில் எவ்வளவு அடிச்சாலும் தாங்கும், குளிர் வந்தா வைக்கோல் நெறத்துல தூங்கிடும், செத்துப்போகல. அப்ப பச்சை வேணும்னா அக்டோபர்ல, ராத்திரி 17, 18 டிகிரிக்கு இறங்குனதும், பெர்முடாவை ஒட்ட வெட்டிட்டு மேல ரை புல்லு விதை தூவுவாங்க. முதல் பத்து நாள் மட்டும் ஒரு நாளைக்கு மூணு நாலு தடவை லேசா நனைக்கணும், மொளச்சதும் குறைச்சுக்கிட்டே வரணும். மே மாசம் அது வெந்து போகும், பெர்முடா எந்திரிக்கும். ஆனா வருஷா வருஷம் இப்படி பண்ணா பெர்முடா சலிச்சுப் போயிடும், நான் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவைதான் விதைப்பேன், நடுவுல பக்கத்து வீட்டுக்காரம்மா மொறைக்கும்.

ஐயா உங்க அசோசியேஷனுக்கு பொண்ணை ஒரு மெயில் போடச் சொல்லுங்க, டிரிப் ஸ்பிரிங்ளர் சரி பண்றோம், அக்டோபர்ல விதைக்கிறோம்னு. தேதி போட்டு எழுதுனா பெரும்பாலும் அடங்கிடுவாங்க. இப்ப அந்த திட்டுல விதை தூவ வேண்டாம், ரை மொளைக்காது.

இன்னொண்ணு, அங்கேயும் மான்சூன் இருக்கு, ஜூன் 15ல இருந்து செப்டம்பர் 30 வரைன்னு கணக்கு. மழை கொஞ்சம், காத்தும் புழுதியும் ஜாஸ்தி, மலை மாதிரி புழுதி எழும்பி வரும், மேலோட்டமா வேர் விட்ட மரமெல்லாம் அடியோட சாஞ்சுடும். அதுக்கும் காரணம் சொம்புத் தண்ணிதான். அந்த மழைக்கும் குளிர்கால மழைக்கும் ஜல்லில களை மொளைக்கும், சின்னதா இருக்குறப்பவே கைல புடுங்கிடணும். ஆனா கல்லு கில்லு பொரட்டுறப்ப கையுறை போடச் சொல்லுங்க, தேள் இருக்கும். ராத்திரில புறஊதா டார்ச் அடிச்சா பச்சையா மின்னும், முதல் தடவை பாத்துட்டு நான் வீட்டுக்குள்ள ஓடிட்டேன், இங்க காட்டெருமை வாசல்ல நின்னா கூட அப்படி ஓடுனதில்ல.

எமரால்டு_மேஸ்திரி
ஆகஸ்ட் 25, ராத்திரி 8:05

அக்கா சொல்றது நியாயம், மணல் புத்தில பேசிட்டேன். களிமண்ணுன்னா நான் சொன்னதை விடுங்க அண்ணா. ஆனா பேரீச்சை, பனை ஜாதி மட்டும் நல்ல வெயில் காலத்துல நட்டாத்தான் வேர் பிடிக்கும், மத்ததெல்லாம் அக்டோபர் நவம்பர்னாலும் அதை அப்ப நடக்கூடாது. பச்சை மட்டையை வெட்டவும் கூடாது, காஞ்சு தொங்குறதை மட்டும்.

பாலைவனத்துல பனி விழாதுன்னு நெனச்சுக்க வேண்டாம். அங்க எப்படிக்கா?

வெலிங்டன்_அக்கா
ஆகஸ்ட் 25, ராத்திரி 9:00

விழும். டிசம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும் சில ராத்திரி. காகிதப்பூவும் உண்ணிச்செடியும் கருத்துப் போகும். சாயங்காலமே பழைய பெட்ஷீட்டைப் போத்தி தரை வரைக்கும் இழுத்து விடணும், காலைல எடுத்துடணும், பிளாஸ்டிக் இலைல படக்கூடாது. இது ஒண்ணுதான் நம்ம ஊரு புத்தி அங்க செல்லுபடியாகுற இடம். உறைபனில கருகுன செடியை ஊட்டில உடனே வெட்டுவீங்களா? கருகுன இலையே கீழ இருக்குறதுக்குப் போர்வை. அங்கயும் மார்ச் பாதி வரைக்கும் கை வைக்காம இருந்து, துளிர் எங்க வருதுன்னு பாத்துட்டு வெட்டுங்க. காகிதப்பூவுக்கு உங்க கவாத்து ஆசையெல்லாம் அப்ப தீத்துக்கலாம்.

கோத்தகிரி_தேயிலை
ஆகஸ்ட் 28, காலை 7:20

அக்கா, மேஸ்திரி தம்பி, எல்லாருக்கும் நன்றிங்க. மாப்பிள்ளை கம்பி குத்திப் பாத்தாரு, வீடியோ கால்ல நானும் பாத்தேன், நாலு விரக்கடை போயி டங்குன்னு நின்னுருச்சு. எமிட்டரு ரெண்டே ரெண்டு, ரெண்டும் தண்டை ஒட்டி, சுத்தி வெள்ளையா உப்பு, நீங்க சொன்ன மாதிரியே. ஞாயித்துக்கிழமை உக்காந்து எட்டு எமிட்டர் வளையமா போட்டாரு, பெயிண்டும் அடிச்சாச்சு, மரம் ஸ்கூல் யூனிஃபார்ம் போட்ட மாதிரி நிக்குது. நாலு மணி நேரம் தண்ணி விட்டு மறுநாள் குத்துனா ஒன்றரை அடி இறங்குது. ஆனா புதுசா வந்த இலை மஞ்சளா இருக்கு, நரம்பு மட்டும் பச்சை. இது என்ன?

வெலிங்டன்_அக்கா
ஆகஸ்ட் 28, காலை 9:10

இரும்புச்சத்து. மண்ணுல இருக்கும், சுண்ணாம்பு மண்ணு விடாது, உங்க சாம்பல் வேற. மிச்சம் மீதி சாம்பல் இருந்தா மேல் மண்ணோட வழிச்சு எடுக்கச் சொல்லுங்க. கடைல அயர்ன் சீலேட்னு கேட்டு, டப்பால இ.டி.டி.எச்.ஏ.ன்னு போட்டிருக்கான்னு பாத்து வாங்கணும், அந்த மண்ணுக்கு அதுதான் புடிக்கும்.

ஒன்றரை அடி பத்தாது. இன்னும் மூணு மணி நேரம் கூட்டி விட்டுப் பாருங்க. மூணு அடி வந்துருச்சுன்னா அடுத்த வாரம் வரைக்கும் டைமரைத் தொடவே கூடாது. மாப்பிள்ளைக்கு கை அரிக்கும், சொல்லி வைங்க.

கோத்தகிரி_தேயிலை
ஆகஸ்ட் 28, காலை 9:25

மாப்பிள்ளை இல்லீங்க, கை அரிக்கிறது எனக்குத்தான். அந்த டைமரோட ஆப்பு என் ஃபோன்லயும் ஏத்திக் குடுத்திருக்காரு. நேத்து அங்க 44 டிகிரின்னு பாத்துட்டு மனசு கேக்காம இங்க இருந்தே 10 நிமிஷம் போட்டு விட்டேன்.

வெலிங்டன்_அக்கா
ஆகஸ்ட் 28, காலை 9:27

ஐயா, மொதல்ல அந்த ஆப்பை அழிங்க.