பிரஷர் மாத்திரை தொடங்கியபின் முடி கொட்டுகிறது, நிறுத்தலாமா?

தோபாயோ மகள்:
அம்மாவுக்கு 61 வயது. சிங்கப்பூரில் பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) பிரஷருக்கு அட்டெனொலால் கொடுத்து மூன்றரை மாதம் ஆகிறது. ஒரு மாதமாகத் தலை சீவினால் கொத்தாக வருகிறது. பக்கத்து வீட்டு அத்தை சொன்னாரென்று தினமும் 10 மில்லிகிராம் பயோட்டின் (ஒரு பி வைட்டமின்) சாப்பிடுகிறார். அட்டெனொலாலை நிறுத்திப் பார்க்கலாமா? அடுத்த வாரம் தைராய்டு ரத்தப் பரிசோதனை வேறு.

மருந்துப்பெட்டி:
நீங்களாக நிறுத்தாதீர்கள். அட்டெனொலால் பீட்டா பிளாக்கர் எனும் மருந்து வகை, அதைச் சட்டென விட்டால் நாடித்துடிப்பும் அழுத்தமும் எகிறும். இதய நோய் உள்ளவர்களுக்கு மாரடைப்புவரை போகலாம். மாற்றுவதானாலும் மருத்துவர் ஒன்றிரண்டு வாரத்தில் அளவைக் குறைத்துத்தான் மாற்றுவார்.

ஆனால் உங்கள் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது. இத்தகைய மருந்துகள் முடியை அன்றே உதிர்ப்பதில்லை. வளர்ந்துகொண்டிருக்கும் முடியை முன்கூட்டியே ஓய்வுக்கு அனுப்பிவிடும். அது விழ இரண்டு முதல் நான்கு மாதம் ஆகும். (புற்றுநோய்க்கான கீமோ சிகிச்சை வேறு, வளரும் வேரையே தாக்குவதால் சில வாரங்களிலேயே கொட்டும்.) ஆகவே நாட்காட்டியை நான்கு மாதம் பின்னால் புரட்டுங்கள். டெங்கிக் காய்ச்சல், அறுவை சிகிச்சை, பட்டினி டயட், வார்ஃபரின் (ரத்தம் உறையாதிருக்க), வால்புரோயேட் (வலிப்புக்கு), கார்பிமசோல் (தைராய்டு மிகைக்கு), அசிட்ரெட்டின் (சோரியாசிஸுக்கு): எது இருந்தாலும் தேதியோடு எழுதி எடுத்துப் போங்கள்.

லேப் வாசி:
அத்தையின் பயோட்டின்தான் இங்கே வில்லங்கம். பல தைராய்டு சோதனைக் கருவிகள் பயோட்டினைப் பயன்படுத்தியே அளக்கின்றன. ரத்தத்தில் அது மிகுந்தால் டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) பொய்யாகக் குறைந்தும், டி4 (தைராய்டு சுரக்கும் ஹார்மோன்) பொய்யாக உயர்ந்தும் காட்டும். தைராய்டு மிகையாகச் சுரப்பதுபோல முடிவு வந்து, இல்லாத நோய்க்கு மருந்து எழுதப்படலாம். அந்த மருந்தும் முடி கொட்டவைக்கும்! குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்தி, ரத்தம் எடுப்பவரிடமும் சொல்லிவிடுங்கள். சத்துக் குறைவு இல்லாதவருக்குப் பயோட்டின் முடி வளர்க்கும் என்பதற்கு நல்ல ஆதாரமும் இல்லை. அதோடு ஃபெரிட்டினும் (உடலின் இரும்புச்சத்து இருப்பு) பார்க்கச் சொல்லுங்கள்.

தோபாயோ மகள்:
நன்றி. முடி வளரத் தடவும் மினாக்சிடில் மருந்தைத் தடவலாமா?

மருந்துப்பெட்டி:
இப்போதைக்கு வேண்டாம். தொடங்கிய முதல் சில வாரங்கள் அதுவே கூடுதலாகக் கொட்டவைக்கும். எது எதனால் என்று குழம்பிவிடும். நெற்றியில் வழிந்தால் முகத்திலும் பூனைமுடி வரும். காரணமான மருந்து மாறினால் மூன்று முதல் ஆறு மாதத்தில் தானாகத் துளிர்க்கும். மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர்தான் வளரும் என்பதால் பின்னல் பழையபடி ஆக ஒரு வருடத்துக்கு மேல் ஆகும்.

தலை முழுக்கச் சீராக மெலியாமல் வகிடு மட்டும் அகன்றாலோ, வட்டமாகச் சொட்டை விழுந்தாலோ மருந்தின் மேல் பழி போடாதீர்கள். பலதுறை மருந்தகத்தில் பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொண்டு மண்டலே ரோட்டிலுள்ள தேசியத் தோல் நிலையத்துக்குப் போங்கள். கடிதம் இருந்தால்தான் மானியக் கட்டணம்.