விர்ட்டஸ் 1.5 டிஎஸ்ஐ-க்கு எக்ஸ்பி100: அந்த 3 டிகிரி எங்கிருந்து வந்தது?

கிண்டி கியர்:
"விர்ட்டஸ் ஜிடி-யில எக்ஸ்பி100 ஊத்தினா 10 குதிரை கூடும், லாக் இருக்கு"ன்னு பூஸ்ட் பாண்டி இன்னொரு இழையில எழுத, அதை நாலு பேர் வேதவாக்கா பிடிச்சுக்கிட்டாங்க. பொறுக்க முடியாம தனி இழை திறக்கிறேன். புதுசா வர்றவங்களுக்கு: விர்ட்டஸ் ஃபோக்ஸ்வேகனோட டர்போ செடான், எக்ஸ்பி100 இந்தியன் ஆயிலோட 100 ஆக்டேன் பெட்ரோல், லாக்னா ஓட்டும்போது கார் கம்ப்யூட்டர்ல இருந்து எடுத்த பதிவு.

அவர் போட்ட லாக் இதுதான்: 3-ம் கியர், ஃபுல் த்ராட்டில், 2000-லேர்ந்து 6000 ஆர்பிஎம். சாதா பெட்ரோல்ல நாக் (கலவை தானா வெடிச்சுத் தட்டறது, ஆக்டேன் கூடினா குறையும்) காரணமா இக்னிஷன், அதாவது பிளக் பொறி விடற நேரம், 3 டிகிரி பின்வாங்கியிருக்கு. எக்ஸ்பி100-ல பூஜ்யம். படத்துல ஆர்பிஎம் இருக்கு, பூஸ்ட் (டர்போ அழுத்தம்) இருக்கு, டைமிங் இருக்கு. இன்டேக் காத்து வெப்பம் எங்கே? அந்த வரிசையை மட்டும் காணோம்.

மே மாச மத்தியானம் சிக்னல்ல நின்னு கிளம்பின கார்ல இன்டேக் 60 டிகிரியைத் தொடும். விடியக்காலை ஈசிஆர்ல அதே கார் 40-க்குள்ள ஓடும். அந்த வித்தியாசமே 3 டிகிரி டைமிங்கைத் தின்னுடும். அப்புறம் பெட்ரோலோட பங்கு எவ்வளவுன்னு எதை வச்சுச் சொல்றீங்க?

பூஸ்ட் பாண்டி:
லாக் போட்டவனைக் குறை சொல்றது சுலபம். லாக் போடத்தான் யாரும் வரமாட்டேங்கிறாங்க. நாலு சிலிண்டர்லயும் பின்வாங்கல் தனித்தனியா இருக்கு, கண்ணைத் திறந்து பாருங்க. 1, 4-ல 2 டிகிரிக்குப் பக்கம், 2, 3-ல 3 டிகிரி. எக்ஸ்பி100-ல நாலும் பூஜ்யம். இந்த இன்ஜினோட கம்ப்ரஷன் 10.5-க்கு 1, அதுக்கு மேல டர்போ பூஸ்ட். ஆக்டேன் இல்லாம எப்படித் தாங்கும்?

கிண்டி கியர்:
சிலிண்டர் கணக்கு கேக்கலை. இன்டேக் வெப்பம் எத்தனை?

கோவை பிஸ்டன்:
கியர் அண்ணே, வெப்பம் முக்கியம்தான், ஆனா ஆக்டேனை அப்படியே தூக்கிப் போட்டுட முடியாது. சும்மா ஓட்டுற ஸ்விஃப்ட் இன்ஜின்ல டைமிங்கை 2 டிகிரி பின்னால தள்ளினா டார்க் அவ்வளவா குறையாது, ஏன்னா டைமிங்குக்கு டார்க் எப்படி மாறுதுங்கிற வளைவு அந்த இடத்துல தட்டை. ஃபுல் பூஸ்ட்ல இருக்கிற டர்போ இன்ஜின் அந்தத் தட்டையான இடத்துக்கே போறதில்லை. நாக் தடுக்கிறதால முன்னாடியே நிக்குது. அங்கே ஒவ்வொரு டிகிரிக்கும் விலை உண்டு. எக்ஸாஸ்ட் வெப்பமும் ஏறும், சூடு தாங்காம ஈசியூ (இன்ஜின் கம்ப்யூட்டர்) கூடுதல் எரிபொருள் ஊத்தும். 10 குதிரை வந்துச்சான்னு டைனோ (சக்தி அளக்கிற மேடை) இல்லாம சொல்ல முடியாது, ஒத்துக்கிறேன். பூஜ்யம்னும் சொல்ல முடியாது.

கிண்டி கியர்:
பூஜ்யம்னு நான் எங்கே எழுதினேன்? எடுத்துக் காட்டுங்க பிஸ்டன். நான் சொன்னது ரெண்டு விஷயம். ஒண்ணு, ஈசியூ-ல எழுதியிருக்கிற டைமிங் வரைக்கும்தான் கார் போகும். நாக் பின்வாங்கல் பூஜ்யம் ஆயிடுச்சுன்னா மேப்போட, அதாவது அந்த எழுதின டைமிங்கோட, உச்சியைத் தொட்டாச்சு. 97 ஆக்டேன்லயே பூஜ்யம் வந்துடுச்சுன்னா 100-ல மீதி 3 ஆக்டேன் எங்கேயும் போகாது, சும்மா எரியும். ரெண்டாவது, அந்த 3 டிகிரி பெட்ரோலால வந்ததுன்னு நிரூபிக்க இன்டேக் வெப்பம் வேணும். திரும்பவும் கேக்கிறேன், வெப்பம் எத்தனை?

அண்ணா நகர் ஆறு சிலிண்டர்:
முதல்ல ஒரு கேள்வி. 150 பிஎஸ், 250 என்எம் செடான் எப்பலேர்ந்து பெர்ஃபார்மன்ஸ் கார் ஆச்சு? பிஎம்டபிள்யூ எம்340ஐ மாதிரி 3 லிட்டர் டர்போவைப் பத்திப் பேசினா அர்த்தம் உண்டு. பிஎம்டபிள்யூ தன்னோட ஐரோப்பிய எண்களை 98 ரான் (ஆக்டேன் அளவு) பெட்ரோலை வச்சுச் சொல்றாங்க. அந்தக் காருக்கு 100 ஊத்தறது ஆடம்பரம் இல்லை. இங்கே ஒரு ஃபேமிலி காரை வச்சுக்கிட்டு இவ்வளவு சண்டையா?

பூஸ்ட் பாண்டி:
உங்க காருக்கு மட்டும்தான் நாக் சென்சார் இருக்கா சார்? விலைப்பட்டியலைப் பார்த்தா நாக் வருது?

நெல்லை ஆர்பிஎம்:
இதுல ஒருத்தரும் தொடாத விஷயம் ஒண்ணு இருக்கு. இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்) வந்த பிறகு பங்க்ல கிடைக்கிற சாதா பெட்ரோலே 95 ரான். இதை 2025 ஆகஸ்ட்ல பெட்ரோலிய அமைச்சகமே சொல்லியாச்சு. பிஎஸ்6 வந்தப்ப 91, இப்ப 95. அப்படின்னா எக்ஸ்பி95-க்குக் கூடுதல் காசு கொடுக்கிறவங்க ஆக்டேனுக்குக் கொடுக்கலை, அதுல கலக்கிற சுத்தம் பண்ற மருந்துக்குக் கொடுக்கிறாங்க. இன்னொண்ணு, எத்தனால் ஆவியாகும்போது பெட்ரோலை விட ரெண்டு மடங்குக்கு மேல வெப்பத்தை உறிஞ்சும். நேரடி இன்ஜெக்ஷன்ல அது சிலிண்டருக்குள்ளயே நடக்கிறதால கலவை குளிரும், நாக் தள்ளிப்போகும். டர்போ காருக்கு இ20 அந்த வகையில நல்லதுதான்.

பூஸ்ட் பாண்டி:
நல்லதா? எத்தனால்ல பெட்ரோலை விட மூணுல ஒரு பங்கு சக்தி கம்மி. 20 சதவீதம் கலந்தா லிட்டருக்கு 6, 7 சதவீதம் போச்சு. எக்ஸ்பி100-ல எத்தனால் கிடையாது. லிட்டருக்கு லிட்டர் அதுல சக்தி அதிகம். இதை மட்டும் ஏன் யாரும் பேசறதில்லை?

கிண்டி கியர்:
பேசலாம். சக்தி கம்மின்னா ஈசியூ அதிகம் ஊத்தும். ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காத்து, இ20-க்கு 13.5 பங்குக்குப் பக்கம். எக்ஸாஸ்ட்ல ஆக்சிஜன் அளக்கிற லாம்ப்டா சென்சாரைப் பார்த்து ஈசியூ சரி பண்ணிக்கும். இழப்பு மைலேஜ்ல, குதிரையில இல்லை. நீங்க சொன்னது குதிரை. பேச்சை மைலேஜுக்குத் திருப்பாதீங்க. இன்டேக் வெப்பம்?

பழைய கார்புரேட்டர்:
தம்பிகளா, 95, 100-ன்னு சண்டை போடறீங்க, எந்த முறையில அளந்ததுன்னு ஒருத்தரும் கேக்கலை. ஆக்டேனை அளக்க ரான், மான்னு ரெண்டு முறை இருக்கு. ரான் சோதனை 600 ஆர்பிஎம்ல, 52 டிகிரி இன்டேக் காத்துல நடக்குது. மான் சோதனை 900 ஆர்பிஎம்ல, கலவையை 149 டிகிரிக்குச் சூடாக்கி. சூடான டர்போ எதுக்குப் பக்கம், லேசா மிதிக்கிற கார் எதுக்குப் பக்கம்னு தெளிவு பண்ணிட்டுத்தான் பேசணும். அமெரிக்க வீடியோல வர்ற 93-ங்கிறது ரான், மான் ரெண்டோட சராசரி, நம்ம கணக்குல 98 ரான் கிட்ட வரும். அதைப் பார்த்துட்டு "அவன் 93-லயே ஓட்டறான்"னு எழுதறாங்க.

கிண்டி கியர்:
ஐயா, வரையறை எல்லாம் அப்புறம் பார்க்கலாம். இப்ப நிக்கிறது அந்த 3 டிகிரி.

கோவை பிஸ்டன்:
அப்படின்னா ஒழுங்கா அளக்கிற முறையை எழுதறேன், இதோட விடுங்க. டேங்க் 45 லிட்டர். ரிசர்வ் லைட் எரியட்டும். உள்ளே 6 லிட்டர் 95 இருக்கும்னு வச்சாலும், 39 லிட்டர் 100 ஊத்தினா கலவை 99-க்கு மேல வந்துடும். பாதி டேங்க்ல ஊத்திட்டு "100 போட்டேன்"னு சொன்னா அது 97.5. ஊத்தினதும் உடனே லாக் எடுக்காதீங்க. 100 கிலோமீட்டராவது ஊருக்குள்ளயும் ஹைவேயிலயும் மாத்தி மாத்தி ஓட்டி ஈசியூ பழகட்டும். அப்புறம் ஒரே ரோடு, ஒரே திசை, ஏசி ஆஃப், கூலன்ட் 90 டிகிரிக்கு மேல, மூணு ஓட்டம், நடுவுல 5 நிமிஷம் சீரா ஓட்டிக் குளிர வைக்கணும். விசிடிஎஸ்ல (ஃபோக்ஸ்வேகன் ஈசியூவைப் படிக்கிற மென்பொருள்) எடுக்க வேண்டியது: ஆர்பிஎம், கேட்ட பூஸ்ட், கிடைச்ச பூஸ்ட், இக்னிஷன் கோணம், நாலு சிலிண்டர் பின்வாங்கல், லாம்ப்டா, இன்டேக் வெப்பம். இதுக்கு மேல வரிசை சேர்த்தா மாதிரி எடுக்கிற வேகம் குறைஞ்சு நடுவுல வர்ற நாக் தப்பிச்சுடும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. நாக் சென்சார் பிளாக்ல 20 என்எம் டார்க்ல உட்கார்ந்திருக்கணும். சர்வீஸ்ல கழட்டிட்டு கைக்கணக்குல முறுக்கினா, ஆடுற பிராக்கெட் சத்தத்தைக்கூட நாக்னு எடுத்துக்கும். 74.5 மிமீ சிலிண்டர் விட்டத்துல நாக் சத்தம் 7, 8 கிலோஹெர்ட்ஸ் பக்கம். லொடலொட ஹீட் ஷீல்டும் அந்தப் பக்கம் வந்து நிக்கும். ரெண்டு சிலிண்டர்ல மட்டும் எப்பவும் பின்வாங்கினா பெட்ரோலைக் குறை சொல்றதுக்கு முன்னாடி இதைப் பாருங்க.

கிண்டி கியர்:
இதைத்தான் மூணு தடவை கேட்டுட்டேன், அந்தப் பட்டியல்ல கடைசியா நிக்கிறது என்னன்னு பாருங்க.

பூஸ்ட் பாண்டி:
உங்களுக்கு வெப்பம் மட்டும்தான் தெரியும். எக்ஸ்பி100 ஊத்தினா இன்ஜின் மிருதுவா ஓடுது, வால்வும் சுத்தமாகுது, அது கண்ணுக்குத் தெரியலையா?

நெல்லை ஆர்பிஎம்:
வால்வா? நேரடி இன்ஜெக்ஷன் இன்ஜின்ல பெட்ரோல் 350 பார் அழுத்தத்துல நேரா சிலிண்டருக்குள்ள பாயுது. இன்டேக் வால்வை அது தொடறதே இல்லை. அங்கே படியற கரி கிராங்க்கேஸ்ல இருந்து வர்ற எண்ணெய் ஆவியால வருது. உலகத்துல உள்ள எல்லா மருந்தையும் பெட்ரோல்ல கலங்க, அந்தக் கரி போகாது. வால்நட் தூள் அடிச்சுத்தான் எடுக்கணும். மருந்து இன்ஜெக்டர் முனையைச் சுத்தம் பண்ணும், அதோட சரி.

பூஸ்ட் பாண்டி:
போன மாசம் டயர் இழையில என்கிட்ட தோத்த கோபம் இன்னும் தீரலை போல.

நெல்லை ஆர்பிஎம்:
தோத்தது யாருன்னு அங்கே இன்னும் எழுதியிருக்கு, போய்ப் படிங்க. இங்கே வால்வுக்குப் பதில் சொல்லுங்க.

கிண்டி கியர்:
ரெண்டு பேரும் அதை அங்கே வச்சுக்கங்க. பணக் கணக்குக்கு வர்றேன். 2020 டிசம்பர்ல எக்ஸ்பி100 டெல்லியில லிட்டர் 160 ரூபாய்க்கு வந்துச்சு. லிட்டருக்கு 50 ரூபாய் மட்டும் கூடுதல்னு குறைச்சே வச்சாலும், 40 லிட்டருக்கு 2000 ரூபாய். அந்த 2000 ரூபாயை மாசம் ரெண்டு தடவை கொடுக்கிற காசுல, இன்டர்கூலர் ஃபின்ல அடைச்சிருக்கிற தூசியைச் சுத்தம் பண்ணி, நல்ல பிளக் மாட்டி, சரியான எண்ணெய் ஊத்தலாம். ஊட்டி ஏற்றத்துல 5-ம் கியர்ல 1600 ஆர்பிஎம்ல மிதிச்சா வர்ற தாழ்வேக முன்பற்றலை (பொறிக்கு முன்னாடியே கலவை பத்திக்கிறது) தடுக்க ஆக்டேன் பெரிசா உதவாது. அது பிஸ்டனோட ரிங் இடைச்சுவரையே உடைக்கும். அதுக்கு ஏபிஐ எஸ்பி தர எண்ணெய் வேணும், கியரை இறக்கி ஓட்டணும்.

கோவை பிஸ்டன்:
ஏபிஐ எஸ்பி மட்டும் பார்த்தா போதாது, மேனுவல்ல இருக்கிற ஃபோக்ஸ்வேகன் எண்ணெய்த் தர எண்ணும் டப்பாவுல இருக்கணும். இன்னொண்ணு, ஸ்டாக் மேப்ல (கம்பெனி எழுதினபடியே) ஓடற காருக்கு நீங்க சொல்றது எல்லாம் சரி. ஸ்டேஜ் 1, அதாவது சக்தி கூட்ட ஈசியூ ஃபைலை மாத்தி எழுதின காருக்கு? அந்த ஃபைலை எந்த ஆக்டேனுக்கு எழுதினாங்களோ அதுதான் ஊத்தணும். 100-க்கு எழுதின மேப்ல டைமிங் உச்சி மேல இருக்கு, அங்கே 3 இல்லை, 5 டிகிரியும் வரும். ஊருக்குப் போற வழியில 100 கிடைக்காம 95 ஊத்தினா, மறுபடி 100 வர்ற வரைக்கும் பாதி த்ராட்டிலோட நிறுத்திக்கணும்.

கிண்டி கியர்:
ஸ்டேஜ் 1 பேச்சு இந்த இழையில இல்லை. ஸ்டாக் கார், பாண்டி போட்ட லாக்.

கோவை பிஸ்டன்:
தலைப்புல ஸ்டாக்னு எங்கே எழுதியிருக்கீங்க?

பழைய கார்புரேட்டர்:
பங்க்கை நம்பி 100-ன்னு பேசறீங்களே, டென்சிட்டி பார்த்தீங்களா? 15 டிகிரிக்குக் கன மீட்டருக்கு 720-லேர்ந்து 775 கிலோவுக்குள்ள இருக்கணும், பங்க்ல எழுதிப் போட்டிருக்கிறதுக்கும் ஹைட்ரோமீட்டர் காட்டுறதுக்கும் 3-க்கு மேல வித்தியாசம் வரக்கூடாது.

பூஸ்ட் பாண்டி:
டென்சிட்டி ஆக்டேனைச் சொல்லாது ஐயா. மண்ணெண்ணெய் கலப்பைச் சொல்லும், அவ்வளவுதான். வெப்ப வரிசையோட புது லாக் போடறேன், ஆனா அதையும் நம்பமாட்டேன்னு இப்பவே முடிவு பண்ணிட்டவங்களுக்காகப் போடலை.

கிண்டி கியர்:
பழைய லாக்லயே அந்த வரிசை இருக்கும், விசிடிஎஸ் அதைத் தானா அழிக்காது. ஃபைலை அப்படியே ஏத்துங்க, புதுசு வேண்டாம்.

அண்ணா நகர் ஆறு சிலிண்டர்:
இன்னமும் ஃபேமிலி செடான்தானா?