மலை இறக்கத்தில் மேப்: திரையைப் பார்ப்பதா, குரலைக் கேட்பதா?

கேள்வி (கோத்தகிரி)

வணக்கம். கார் ஓட்டக் கற்று ஏழு மாதம் ஆகிறது. அம்மாவுக்கு ஒரு கண்ணில் புரை ஆபரேஷன் முடிந்து, வாரம் ஒரு தடவை கோயம்புத்தூருக்குச் செக்கப் கூட்டிப் போகிறேன். மேட்டுப்பாளையம் வரை வழி எனக்கு மனப்பாடம். ஆனாலும் வீட்டு வாசலிலேயே மேப் போட்டுவிடுவேன். மிஸ்ட் இறங்கினால் அடுத்த வளைவு எந்தப் பக்கம் என்று திரையில் முன்னாடியே தெரிகிறதே, அதற்காக.

போன செவ்வாய்க்கிழமை அரவேணு தாண்டி இறங்கும்போது அப்படித்தான் திரையைப் பார்த்தேன். "மாடு, மாடு!" என்று அம்மா போட்ட சத்தத்தில் பிரேக்கை மிதித்தேன். தேயிலைத் தோட்டத்திலிருந்து இறங்கிய காட்டெருமை, முன்னங்கால் இரண்டையும் தார் ரோட்டில் வைத்து நின்றது. மூக்கிலிருந்து ஆவி வருவது தெரிந்தது, அவ்வளவு பக்கம். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்த அம்மாவுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. அன்று முழுக்க என் கை நடுங்கியது.

திரும்பி வரும்போது திரையை அணைத்துவிட்டுக் குரலை மட்டும் வைத்தேன். மலையில் பிரியும் ரோடு குறைவு, அதனால் குரல் ரொம்ப நேரம் பேசாது. பேசவில்லை என்றால் நின்றுபோய்விட்டதோ என்று மறுபடி போனைத் தட்டத் தோன்றுகிறது. நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

பதில் (மேட்டுப்பாளையம், டாக்சி, 22 வருஷம்)

அம்மிணி, முதலில் ஒரு கணக்கு. மணிக்கு 40 கிலோமீட்டரில் போனால் நொடிக்கு 11 மீட்டர். இரண்டு நொடி திரையைப் பார்த்தால் 22 மீட்டர் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதாக அர்த்தம். வண்டிக்குள் இருக்கும் திரைகளுக்காக அமெரிக்க அரசு 2013-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், ஒரு பார்வைக்கு 2 நொடிதான் எல்லை. நம் ரோட்டுக்கு அதுவே அதிகம்.

மிஸ்டில் திரையை நம்பாதீர்கள். கொண்டை ஊசி வளைவில் மேல் ரோடும் கீழ் ரோடும் மேப்பில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். பாறைச் சரிவுப் பக்கம் ஜிபிஎஸ் சில மீட்டர் பிசகினால் போதும், நீங்கள் இன்னும் இறங்காத ரோட்டில் வண்டி போவதாகக் காட்டும். வளைவுக்கு அந்தப் பக்கம் பழுதாகி நிற்கும் லாரியையும் அது காட்டாது. பலாப்பழக் காலத்தில் குஞ்சப்பனைப் பக்கம் வரும் யானையையும் காட்டாது.

ஏறுவதற்கு எந்த கியரோ, இறங்கவும் அதே கியர். லைட்டை லோ பீமில் வையுங்கள். கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கிவிட்டு, வளைவுக்கு முன்னால் ஹாரன் அடியுங்கள். பதிலுக்கு ஹாரன் வருகிறதா என்று காது கொடுக்க வேண்டும், அதுதான் முக்கியம். அந்த நேரத்தில் மேப் குரல் பேசிக்கொண்டிருந்தால் எதிர் ஹாரன் காதில் விழாது. ஏறி வரும் வண்டிக்குத்தான் முன்னுரிமை, அது சட்டத்திலேயே இருக்கிறது.

பதில் (குன்னூர்)

அண்ணன் சொல்வது ஊர்க்காரர்களுக்குச் சரி. வெளியூர்க்காரர்களுக்குக் குரல் இல்லாமல் முடியாது. கண் ரோட்டிலேயே இருக்கிறதே, அது பெரிய விஷயம். ஆனால் குரலும் இலவசம் இல்லை. "200 மீட்டரில் இடதுபுறம்" என்றதும் எந்த இடது என்று மனசு தேட ஆரம்பித்துவிடும். கண் திறந்திருந்தும் எதிரே இருப்பது பதியாது. பக்கத்தில் ஆள் இருந்தால் போனை அவர்களிடம் கொடுத்துவிடுவது என் வழக்கம். நான் வளைவில் திணறுவது தெரிந்தால் அவர்கள் பேச்சை நிறுத்திக்கொள்வார்கள். மேப்புக்கு அது தெரியாது.

ஓட்டும்போது போனை வழி பார்க்க மட்டும், அதுவும் கவனம் சிதறாதபடி பயன்படுத்தலாம் என்று 2020 அக்டோபரிலிருந்து விதி இருக்கிறது. விதி அனுமதிக்கிறது என்பதற்காகக் கொண்டை ஊசியில் பார்க்க வேண்டாம்.

கேள்வி கேட்டவர்

இன்று மறுபடி போய் வந்தோம். போன் அம்மாவின் கைப்பைக்குள் இருந்தது. மேட்டுப்பாளையத்தில் ஓரமாக நிறுத்தி, ஆஸ்பத்திரி பெயரைப் போட்டு, குரலை மட்டும் வைத்தேன். ஊருக்குள் அது அடிக்கடி பேசியதால் திரையைத் தொடவே தோன்றவில்லை.

மலையில் முதல் பத்து நிமிஷம் கை பரபரத்தது. அப்புறம் சரியாகிவிட்டது. குஞ்சப்பனைக்கு மேலே ஒரு வளைவில் நான் அடித்த ஹாரனுக்குப் பதில் ஹாரன் கேட்டது. ஓரங்கட்டி நின்றேன். மிஸ்டுக்குள்ளிருந்து பஸ் ஏறி வந்தது. டிரைவர் ஒரு கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார்.