தக்கலையிலிருந்து கோலாலம்பூர்: ரிமோட் வேலையோட ஒரு வருஷம் போக முடியுமா?

தக்கலைக்காரன்:
சென்னை கம்பெனி, வேலை முழுக்க வீட்டிலிருந்துதான். சாஃப்ட்வேர். சம்பளம் மாசம் 1.4 லட்சம். மனைவியோட ஒரு வருஷம் கோலாலம்பூர்ல இருந்து இதே வேலையப் பார்க்கலாம்னு யோசனை. திருவனந்தபுரத்துல நேரடி ஃபிளைட் இருக்கு, 30 நாளைக்கு விசாவும் வேண்டாம். மாசம் ஒருக்க வெளிய போயிட்டு வந்தா போதுமா? கையில எவ்வளவு இருக்கணும்? கல்ஃப்காரங்க மாதிரி வரி இல்லாம ஆயிருமா? விவரம் தெரிஞ்ச அண்ணன்மார், அக்காமார் சொல்லுங்க.

வேளிமலை:
தம்பி, அந்த 30 நாள் சுற்றிப் பார்க்க வர்றவங்களுக்கு. அதுல வேலை பார்க்கக் கூடாது. ரெண்டு மூணு தடவை போயிட்டுப் போயிட்டு வந்தா இமிக்ரேஷன்ல சந்தேகம் வரும், திருப்பி அனுப்பவும் அவங்களுக்கு அதிகாரம் உண்டு.

முறையான வழி டிஇ ரன்டாவ் பாஸ், ரிமோட் வேலை பார்க்குற வெளிநாட்டுக்காரங்களுக்கு மலேசியா தர்றது. ஐடி வேலைக்கு வருஷ வருமானம் 24,000 டாலர் காட்டணும். உங்க சம்பளம் வருஷத்துக்கு 16.8 லட்சம், அவங்க கேக்குறது 20 லட்சத்துக்கு மேல. இப்போதைக்கு விண்ணப்பிச்சு ஃபீஸைக் கரைக்க வேண்டாம்.

ரிமோட் வேலைக்காரங்களுக்கும் கிடைக்குற தாய்லாந்து டிடிவி விசாவையும் பாருங்க. 2024 ஜூலையில வந்தது. 5 வருஷம் செல்லும், ஒரு நுழைவுக்கு 180 நாள். இதுல முக்கியம் சேமிப்பு: 5 லட்சம் பாத் கணக்குல இருக்கணும், நம்ம காசுக்கு 13 லட்சத்துக்குக் குறையாது. தாய்லாந்துக்கு வெளிய இருந்துதான் விண்ணப்பிக்கணும்.

நம்ம பக்கம் அடிக்கடி மாட்டுறது பெயர்ல. பாஸ்போர்ட்ல அப்பா பெயர் முழுசா இருக்கும், பேங்க் ஸ்டேட்மென்ட்ல வெறும் இனிஷியல், கம்பெனி லெட்டர்ல வேற மாதிரி. மூணையும் முதல்ல ஒண்ணாக்குங்க. கல்யாணத்துக்குக் கோயில், சர்ச், ஜமாத் சான்று மட்டும் இருந்தா, சார்பதிவாளர் ஆபீஸ்ல பதிஞ்ச சான்றும் எடுத்து வைங்க.

பழையாறு:
வரி பத்தி ஊர்ல எல்லாரும் தப்பா நினைக்கிறது ஒண்ணு உண்டு. கல்ஃப்ல இருக்கவரு சம்பளத்தை அங்கேயே வாங்கி அப்புறம் ஊருக்கு அனுப்புறாரு. உங்க சம்பளம் நேரா இந்தியக் கணக்குல விழுது. இந்தியாவுல கைக்கு வர்ற சம்பளத்துக்கு, நீங்க என்ஆர்ஐ ஆனாலும் இங்க வரி உண்டு. கம்பெனி டிடிஎஸ் பிடிச்சுக்கிட்டேதான் இருக்கும்.

நாள் கணக்கும் பாத்துக்கிடுங்க. அக்டோபர்ல கிளம்பினா ஏப்ரல் 1 முதல் 183 நாள் இங்க இருந்தாச்சு. அந்த நிதியாண்டு முழுக்க நீங்க ரெசிடென்ட்தான், அதாவது வரிக்கணக்குல இங்க வசிக்கிறவர். தாய்லாந்துல ஒரு காலண்டர் வருஷத்துல 180 நாள் ஆனா அங்கேயும் ரெசிடென்ட். 2024 ஜனவரி 1-லிருந்து சம்பாதிக்கிறதுல, அங்க கொண்டு போற பணத்துக்கு வரி கேக்கலாம். இரட்டை வரி ஒப்பந்தம் இருக்கு, ஆனா ரெண்டு பக்கமும் தாக்கல் பண்ணாத்தான் பலன். கிளம்புறதுக்கு முன்னாடியே ஒரு ஆடிட்டரைப் பாருங்க.

தக்கலைக்காரன்:
ரொம்ப நன்றி. சம்பளம் கூடினா மலேசியாதான் எங்க ஆசை. வாடகைக்கு என்ன எடுத்து வைக்கணும்? கம்பெனிக்கு என்ன எழுதணும்?

முட்டத்து அலை:
முதல்ல கம்பெனி. "வெளிநாட்டிலிருந்து வேலை பார்க்க அனுமதி"ன்னு நாடு, காலம், பதவி, சம்பளம் போட்டு எழுத்துல வாங்குங்க. மேனேஜர் வாயால சொன்னது காணாது. கிளையன்ட் ஒப்பந்தத்துல டேட்டாவை இந்தியாவுக்கு வெளிய திறக்கக் கூடாதுன்னு இருந்தா, அங்க போய் லேப்டாப்பைத் திறந்த அன்னைக்கே, எந்த நாட்டுல இருந்து இன்டர்நெட்ல வர்றீங்கன்னு ஐபி முகவரி மாட்டிக்கொடுக்கும்.

கோலாலம்பூர்ல ஒரு வருஷ வாடகைன்னா வழக்கம் இது: ரெண்டு மாச டெபாசிட், அரை மாசம் கரண்ட்-தண்ணி டெபாசிட், ஒரு மாச முன்வாடகை. 2,000 ரிங்கிட் வீட்டுக்கு சாவி வாங்கும்போதே 7,000 ரிங்கிட் போயிரும். அதனால முதல் மாசம் ரூம் எடுத்துத் தங்கி, வீட்டை நேர்ல பாத்த பிறகு ஒப்பந்தம் போடுங்க. டெபாசிட்டை எப்போ, எந்தப் பிடித்தத்தோட திருப்பித் தருவாங்கன்னு ஒப்பந்தத்துல எழுதி வாங்குங்க. தகராறு வர்ற இடமே அதுதான்.

பேங்க் ஓடிபி வர்ற சிம்முக்கு ரோமிங்கை ஊர்ல வச்சே ஆன் பண்ணுங்க, ரீசார்ஜ் வேலிடிட்டி முடிய விட்டுறாதீங்க. நேரம் ரெண்டரை மணி முன்னால ஓடும். காலை 9.30 ஷிஃப்ட் அங்க மதியம் 12-க்குத் தொடங்கி ராத்திரி 9-க்கு முடியும்; அது சுகம். அமெரிக்க ஷிஃப்டா இருந்தா இங்க 3.30-க்கு முடியுற வேலை அங்க விடிகாலை 6 ஆயிரும். வீட்டுல மனைவியோட பேசிட்டு முடிவெடுங்க.