பள்ளிக்கரணை 1 கி.மீ. தடை: எங்கேர்ந்துய்யா அளக்குறீங்க?

கழுவெளிக்காரன்:
ஒரு புரோக்கர் வீடியோ பாத்தேன், "பள்ளிக்கரணை சதுப்பு நிலம்னா ராம்சார்ல, அதாவது சர்வதேச சதுப்பு நிலப் பட்டியல்ல, வர்ற 1,248 ஹெக்டேர் மட்டும்தான், அதுக்கு வெளிய 1 கிலோமீட்டர் கட்டக்கூடாதுங்கிறது அராஜகம்"ங்கிறார். கீழ வரிசையா "சூப்பர் சார்". தென்சென்னைல ஏரி ஏரியா வழியுற தண்ணி இங்க வந்து, ஒக்கியம் மடுவு வழியா பக்கிங்காம் கால்வாய்க்குப் போகணும். வேற வழி கிடையாது. இது கூடத் தெரியாம வீடு விக்க வந்துட்டான்.

பெரும்பாக்கம் ஓனர்:
பிரசங்கம் வேண்டாம் சார். 1 கிலோமீட்டர் எங்கேர்ந்து? என்கிட்ட பட்டா இருக்கு, 2025ல பசுமைத் தீர்ப்பாயம் அந்த 1 கிலோமீட்டருக்குள்ள அனுமதி தரக்கூடாதுன்னு சொன்னதுலேர்ந்து பிளான் அப்ரூவல் நிக்குது, வாடகையும் குடுத்து ஈஎம்ஐயும் கட்டுறேன்.

கழுவெளிக்காரன்:
மிக்ஜாம் புயல் அப்போ பட்டாவைக் காட்டி தண்ணிய திருப்பி அனுப்பிச்சீங்களா? எங்க சித்தப்பா அபார்ட்மென்ட்ல லிஃப்ட் குழிய மோட்டார் வெச்சு இறைச்சாங்க, இறைக்க இறைக்க அடியிலேர்ந்து ஊறிக்கிட்டே இருந்துச்சு. உங்க ஏரியாதான்.

பெரும்பாக்கம் ஓனர்:
கேட்டதுக்கு பதில். எங்கேர்ந்து 1 கிலோமீட்டர்?

சர்வே சுப்பு:
2025 உத்தரவுப்படி ராம்சார் எல்லைலேர்ந்து. அதுவும் தற்காலிகம்தான். எல்லைய நேர்ல அளந்து, தாக்க மண்டலம், அதாவது சதுப்பைப் பாதிக்கிற சுத்துப்பகுதி, எதுவரைன்னு ஆய்வு பண்ணி முடிக்கிற வரைக்கும்.

மேடவாக்கம் மணி:
அதெல்லாம் விடுங்க. குப்பைமேடு, ரேடியல் ரோடு, பறக்கும் ரயில் எல்லாத்தையும் சதுப்புலயே கொண்டு வந்து போட்டாங்களே, அப்ப எந்த மகராசன் கிலோமீட்டர் அளந்தான்?

கழுவெளிக்காரன்:
வந்துட்டாருய்யா. அவன் தப்பு பண்ணா நீங்களும் பண்ணுவீங்களா? பெருங்குடி குப்பைய கிளறி எடுக்கவே இத்தனை வருஷம் ஆவுது. அந்த 1 கிலோமீட்டர்ல கை வெச்சா அடுத்த மழைக்கு வேளச்சேரி காலி, எழுதி வெச்சுக்கோங்க.

மேடவாக்கம் மணி:
நீங்க குடியிருக்கிற வேளச்சேரியே பாதி ஏரிதானே பாஸ்?

கழுவெளிக்காரன்:
எங்க வீடு தாத்தா காலத்து ஊர்த்தெரு. ஏரி இல்ல.

மேடவாக்கம் மணி:
முன்னாடி நடந்த பார்க்கிங் சண்டை த்ரெட்லயும் இதே தாத்தாதான் வந்தார் 😂

கழுவெளிக்காரன்:
அந்த த்ரெட்ல கமென்ட்டை டெலிட் பண்ணிட்டு ஓடினது யாருன்னு எல்லாருக்கும் தெரியும். ஸ்க்ரீன்ஷாட் வெச்சிருக்கேன், போடவா?

பெரும்பாக்கம் ஓனர்:
ஹலோ, 1 கிலோமீட்டர்??

சர்வே சுப்பு:
மேல சொல்லியிருக்கேன் சார்.

மேடவாக்கம் மணி:
போடுங்க பாஸ், தைரியம் இருந்தா போடுங்க.