2013 டெஸ்க்டாப்: முதலில் எஸ்எஸ்டியா, கரண்ட் பக்கமா?

வைகைக்கரை:
2013-இல் அசெம்பிள் செய்த மெஷின். ஐ3-3220 பிராசசர், எச்61 மதர்போர்டு, 4 ஜிபி ரேம் ஒரே ஸ்டிக், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. ஆன் செய்தால் கை வைக்க ஆறேழு நிமிடம் ஆகிறது. குரோமில் நாலு டேப் திறந்தால் மவுஸ்கூட நகர மறுக்கிறது. மதிய நேரங்களில் சில சமயம் தானாக ரீஸ்டார்ட் ஆகிறது. ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிப்பது) போட்டால் எல்லாம் சரியாகும் என்று கடையில் சொல்கிறார்கள். போடலாமா, மெஷினையே மாற்றிவிடலாமா? பில்லிங் சாஃப்ட்வேர், கேனான் எல்பிபி2900 பிரிண்டர், இரண்டும் ஓடியாக வேண்டும்.

தட்டச்சன்:
கடையில் சொன்னது சரிதாங்க, தயங்காம போடுங்க. டாஸ்க் மேனேஜர்ல டிஸ்க் 100 சதவீதத்துல நிக்கும், ஆனா நொடிக்கு ஒண்ணு ரெண்டு எம்பிதான் ஓடும். காரணம் இதுதான்: 7200 ஆர்பிஎம் தட்டு ஒரு சுற்று சுத்த 8.3 மில்லிசெகண்ட் ஆகும். தேவையான இடம் ஹெட்டுக்கு அடியில வர சராசரியா அதுல பாதி, ஹெட் நகர இன்னொரு எட்டு ஒன்பது. மொத்தம் 13 மில்லிசெகண்ட்னா நொடிக்கு 75, 80 தடவைதான் படிக்க முடியும். விண்டோஸ் 10 கிளம்பும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைலைக் கேக்குது. சாதாரண எஸ்எஸ்டிகூட அதை நொடிக்கு ஆயிரக்கணக்குல குடுத்துடும்.

240 அல்லது 256 ஜிபி, 2.5 இன்ச் சாட்டா (இப்ப ஹார்ட் டிஸ்க் மாட்டியிருக்குற அதே வகை கேபிள்) வாங்குங்க. எம்.2 (போர்டுலயே செருகுற பட்டை மாதிரி எஸ்எஸ்டி) வாங்கிடாதீங்க, அதுக்கு இந்த போர்டுல ஸ்லாட் கிடையாது. கூடவே இன்னொரு 4 ஜிபி ரேம். அவ்வளவுதான் வேலை.

மின்னோட்டம்:
அவ்வளவுதான் இல்லை. தானாக ரீஸ்டார்ட் ஆகிறது என்று எழுதியிருக்கிறாரே, அதற்கு எஸ்எஸ்டி என்ன செய்யும்? மெதுவாக ஓடுவது ஒரு கோளாறு, ரீஸ்டார்ட் ஆவது வேறு கோளாறு. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் அறுந்தால் புது எஸ்எஸ்டியின் ஃபைல் சிஸ்டமும் கெடலாம்.

வைகைக்கரை, விண்டோஸின் ஈவன்ட் வியூவரில் சிஸ்டம் லாகைத் திறந்து கெர்னல்-பவர் 41 என்ற பதிவைத் தேடுங்கள். அதன் டீடெய்ல்ஸ் பக்கத்தில் பக்செக்கோட் 0 என்றிருந்தால் ப்ளூ ஸ்கிரீன் பதிவாகவில்லை. பெரும்பாலும் மின்சாரம் அறுந்திருக்கிறது. வேறு எண் இருந்தால் டிரைவர், ரேம் பக்கம் போகலாம்.

தட்டச்சன்:
மதியத்துலதான் ஆகுதுன்னா அது சூடு சார். பிராசசர் மேல தடவின பேஸ்ட் பத்து வருஷத்துக்கு மேல ஆகி காய்ஞ்சு பொடியாயிருக்கும். அதோட சூட்டை இழுக்குற ஹீட்சிங்க் இடுக்குல தூசி அடைச்சிருக்கும்.

மின்னோட்டம்:
பேஸ்ட் மாற்றுவதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அளவு மீறிச் சூடானால் பிராசசர் முதலில் தன் வேகத்தைக் குறைக்கும். அதற்கும் அடங்காவிட்டால் மெஷின் அணைந்துபோகும், பெரும்பாலும் தானாகத் திரும்ப எழாது. அணைந்து உடனே எழுகிறதென்றால் சப்ளை ஒரு கணம் விட்டுப் போயிருக்கிறது. மதியத்தில் ஊரெங்கும் ஏசி ஓடும்போது வோல்டேஜ் இறங்கும். யுபிஎஸ் பேட்டரிக்கு மாறும். அந்த 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரி செத்திருந்தால் மாறிய கணமே மெஷின் விழும், லைன் சரியானதும் எழும்.

சோதிப்பது சுலபம். யுபிஎஸ்ஸில் கம்ப்யூட்டரைக் கழற்றிவிட்டு 60 வாட் குண்டு பல்பை மாட்டுங்கள். எல்இடி வேண்டாம், சுமை போதாது. சுவரில் இருக்கும் பிளக்கைப் பிடுங்குங்கள். பல்பு உடனே அணைந்தால் பேட்டரி போய்விட்டது. சில நிமிடம் நின்றால் அடுத்தது எஸ்எம்பிஎஸ், அதாவது கேபினெட்டுக்குள் இருக்கும் பவர் சப்ளை டப்பா. மெஷின் வேலை செய்துகொண்டிருக்கும்போது அதிலிருந்து வரும் நாலு ஒயர் மோலக்ஸ் கனெக்டரில் மல்டிமீட்டர் வையுங்கள். மஞ்சள் ஒயர் 11.4-க்கும் 12.6-க்கும் நடுவில், சிவப்பு 4.75-க்கும் 5.25-க்கும் நடுவில் இருக்க வேண்டும். போர்டில் பிராசசரைச் சுற்றியுள்ள கெப்பாசிட்டர்களின் தலை உப்பியிருக்கிறதா என்றும் பாருங்கள். எஸ்எம்பிஎஸ்ஸின் டப்பாவை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கை எடுத்த பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்குமேல் தங்கியிருக்கும்.

கேபினெட்டைத் தொட்டால் சுரீர் என்கிறதா? அப்படியானால் எர்த் வரவில்லை. எர்த் இல்லாவிட்டால் எஸ்எம்பிஎஸ்ஸின் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் வழியாகக் கேபினெட்டில் 230-இல் பாதி, சுமார் 115 வோல்ட் மீட்டரில் காட்டும். அதைச் சரிசெய்ய எலக்ட்ரீஷியன்தான் வர வேண்டும்.

பனையோலை:
இருவருமே 2013 மெஷினுக்கு வைத்தியம் பார்க்கிறீர்கள். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. 22எச்2 பதிப்பை வைத்துக்கொண்டு, தனிநபர்களுக்கான ஈஎஸ்யு என்ற பாதுகாப்பு அப்டேட் நீட்டிப்பில் சேர்ந்தாலும் 2026 அக்டோபர் 13 வரைதான். விண்டோஸ் 11-க்கு இன்டெல் எட்டாம் தலைமுறையும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும், இவரிடம் இருப்பது மூன்றாம் தலைமுறை. பேட்டரி, எஸ்எஸ்டி, ரேம் என்று மூன்று செலவு செய்வதற்குப் பதில் ஐ5-8500 போட்ட பழைய ஆபீஸ் மெஷின் ஒன்று வாங்கலாம். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போன்ற இடங்களில் கிடைக்கும். காசு இல்லையென்றால் லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ போடலாம், 4 ஜிபியில் ஓடும். இந்த எச்61-இல் இருப்பதெல்லாம் சாட்டா 2 போர்ட். எஸ்எஸ்டியின் வேகத்தில் பாதி வீண்.

தட்டச்சன்:
சாட்டா 2-ங்கிறது நொடிக்கு 300 எம்பி. நடைமுறையில 270 பக்கம் வரும். பெரிய வீடியோவை காப்பி பண்ணும்போதுதான் அந்தக் குறை தெரியும். விண்டோஸ் கிளம்புறது, குரோம் திறக்குறது எல்லாம் சின்னச் சின்னப் படிப்பு. அதுல அந்த வரம்பைத் தொடவே மாட்டீங்க. "சாட்டா 2, அதனால எஸ்எஸ்டி வீண்"னு சொல்றது தப்புங்க.

லினக்ஸ் நல்லதுதான். ஆனா பிரிண்டர் எல்பிபி2900-ங்கிறாரே. அதுக்குக் கேனான் விட்ட லினக்ஸ் டிரைவர் ரொம்பப் பழசு, 32-பிட் லைப்ரரிகளைத் தேடித் தேடிப் போடணும். அவரோட பில்லிங் சாஃப்ட்வேர் லினக்ஸ்ல ஓடுமான்னும் தெரியாது.

பனையோலை:
பிரிண்டர் விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பாதுகாப்பு அப்டேட் வராத மெஷினில் பேங்க் வேலை செய்ய யாருக்கும் நான் சொல்ல மாட்டேன். பில்லிங்குக்கு மட்டும், நெட் இணைப்பு இல்லாமல் என்றால் ஓட்டட்டும்.

வைகைக்கரை:
பார்த்தேன். 41 பல முறை இருக்கிறது, எல்லாவற்றிலும் பக்செக்கோட் 0. பல்பு உடனே அணைந்துவிட்டது. மஞ்சள் ஒயர் 12.1, சிவப்பு 5.0. கேபினெட்டில் ஷாக் இல்லை. டிஸ்க்கின் நலம் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ செயலி மஞ்சள் நிறத்தில் "காஷன்" என்கிறது. 05-க்கு (கெட்டுப்போய் மாற்றப்பட்ட செக்டர்) நேராக எல்லாம் சைபர், சி5-க்கு நேராகக் கடைசியில் 18, சி7-இல் சைபர். டாஸ்க் மேனேஜரில் கமிட்டட் (புரோகிராம்களுக்கு ஒதுக்கிய மெமரி) 6.3/8.1 ஜிபி.

மின்னோட்டம்:
ரீஸ்டார்ட்டுக்கு யுபிஎஸ் பேட்டரிதான் காரணம், அதை மாற்றுங்கள். ஆனால் அதைவிட அவசரம் சி5. அது பெண்டிங் செக்டர். படிக்க முடியாமல் டிஸ்க் ஒதுக்கி நிற்கும் இடங்கள். அந்தச் செயலி எண்களை ஹெக்ஸில் (பத்துக்குப் பதில் பதினாறை அடிப்படையாகக் கொண்ட எண்முறை) காட்டும், ஆகவே 18 என்பது உண்மையில் 24. டேட்டா கடத்தும்போது வரும் பிழைகளை எண்ணும் சி7 சைபர் என்பதால் கேபிளைச் சந்தேகிக்க வேண்டாம்.

இன்றைக்கே பில்லிங் டேட்டாவையும் போட்டோக்களையும் வெளி டிஸ்க்குக்கு எடுங்கள். அது முடியும்வரை செக்டிஸ்க் என்ற விண்டோஸின் டிஸ்க் சோதனையை ஓட்டாதீர்கள். கெட்ட செக்டர்களைத் தேடச் சொன்னால் அது டிஸ்க் முழுவதையும் படிக்கும். சாகப்போகும் டிஸ்க்கில் அந்தச் சுமையே கடைசி அடியாகலாம்.

தட்டச்சன்:
அப்ப நான் சொன்ன எஸ்எஸ்டிதானே வழி! பழைய டிஸ்க்கை அப்படியே எஸ்எஸ்டிக்கு குளோன் (முழு நகல்) பண்ணிட்டா சாஃப்ட்வேர் எதையும் திரும்பப் போட வேண்டாம்.

மின்னோட்டம்:
எஸ்எஸ்டி சரி, குளோன் வேண்டாம். படிக்க முடியாத இடத்தில் சாதாரண குளோன் செயலிகள் நின்றுவிடும், அல்லது ஓட்டை விழுந்த சிஸ்டம் ஃபைலோடு முடித்துவிடும். புதிதாக விண்டோஸ் ஏற்றினால் சுத்தம். டிஜிட்டல் லைசென்ஸ் என்றால் அதே போர்டு இருக்கும்வரை நெட் வந்ததும் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும். பழைய டிஸ்க்கில் எடுக்க முடியாத ஃபைல் மிச்சமிருந்தால் லினக்ஸ் பென்டிரைவில் பூட் செய்து டிடிரெஸ்க்யூ என்ற மீட்புச் செயலியை ஓட்டலாம். அது நல்ல இடங்களை முதலில் எடுத்துவிட்டுக் கெட்ட இடங்களுக்குப் பிறகு வரும்.

தட்டச்சன்:
பில்லிங் சாஃப்ட்வேரோட லைசென்ஸ் ஃபைலையும் பேக்கப் எடுங்க, அது இல்லாம புது விண்டோஸ்ல மாட்டிக்குவீங்க. குளோனுக்காக நான் வாதாடினது இதுக்காகத்தான்.

விண்டோஸ் ஏத்துறதுக்கு முன்னாடியே பயாஸ்ல (போர்டோட அடிப்படை செட்டிங்ஸ்) சாட்டா மோடை, அதாவது போர்டு டிஸ்க்கோட பேசுற முறையை, ஏஎச்சிஐ ஆக்கிடுங்க. கூடவே போர்டுல இருக்குற காசு மாதிரி சிஆர்2032 பேட்டரியையும் மாத்துங்க. அது செத்தா பயாஸ் பழைய நிலைக்குப் போகும், பல எச்61 போர்டுகள்ல அந்தப் பழைய நிலை ஐடிஇ-ங்கிற பழைய மோட். அப்போ விண்டோஸ் "இன்ஆக்சசிபிள் பூட் டிவைஸ்"னு நிக்கும். புது எஸ்எஸ்டி போச்சுன்னு நினைச்சுடாதீங்க, மோடை மாத்தினாப் போதும். ஏத்தும்போது பழைய டிஸ்க்கோட கேபிளைக் கழட்டி வைங்க. இல்லைன்னா பூட் பார்ட்டிஷன் அதுலயே உக்காந்துக்கும்.

கமிட்டட் 6.3, இருக்குற ரேம் 4. மீதி ஹார்ட் டிஸ்க்குலதான் தவழுது. இன்னொரு 4 ஜிபி போட்டா டூயல் சேனலும் (ரெண்டு ஸ்டிக்கும் ஒரே நேரத்துல வேலை செய்யுறது) கிடைக்கும். டிடிஆர்3 1600, டெஸ்க்டாப் ஸ்டிக். 1.35 வோல்ட் டிடிஆர்3எல் கிடைச்சாலும் ஓடும். "ஏஎம்டிக்கு மட்டும்"னு மலிவா விக்கிற 8 ஜிபி ஸ்டிக் இந்த போர்டுல எழும்பாது.

பனையோலை:
ரேமை மாட்டியதும் மெம்டெஸ்ட்86+ என்ற ரேம் சோதனையை ஒரு முழுச் சுற்றாவது ஓட்டுங்கள். ஒரு பிழை வந்தாலும் ஸ்டிக்கைத் திருப்பிக் கொடுங்கள். இணையவழி பேங்க் வேலையை மட்டும் இந்த மெஷினில் செய்யாதீர்கள், அதில் என் கருத்து மாறவில்லை.

வைகைக்கரை:
டேட்டா காப்பி ஓடிக்கொண்டிருக்கிறது. ரேம் ஸ்டிக்கின் மஞ்சள் கால்களை ரப்பரால் தேய்க்கச் சொல்கிறார்கள், தேய்க்கலாமா?

மின்னோட்டம்:
வேண்டாம். ரப்பர் மெல்லிய தங்கப் பூச்சைத் தேய்க்கும், அதன் தூளும் ஸ்லாட்டுக்குள் விழும். 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சு படியாத துணியில் நனைத்து ஒரே திசையில் துடையுங்கள். அதே பாட்டிலை வைத்துப் பிராசசரின் பழைய பேஸ்ட்டையும் எடுத்துவிடலாம். புதுப் பேஸ்ட் நடுவில் ஒரு பட்டாணி அளவு போதும். ஹீட்சிங்க்கின் நாலு பின்களையும் எதிரெதிர் மூலையாக அழுத்துங்கள். போர்டின் பின்பக்கம் நாலும் வெளியே வந்து விரிந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஆன் செய்யுங்கள்.