மீட்டிங் ரூம் பேச்சு வெளியே கேட்கிறதா? எங்கள் ஆபீஸில் நடந்தது

சோழிங்கநல்லூரில் ஆறாம் மாடி. அட்மின் வேலை என்னுடையது. எங்கள் மீட்டிங் ரூமில் யார் பேசினாலும் வெளியே மூன்றாவது வரிசை வரைக்கும் கேட்கும். ஒரு நாள் ஒரு பெண் தன் குடும்பக் கஷ்டத்தை மேனேஜரிடம் அழுதபடி சொன்னது ஹால் முழுக்கக் கேட்டுவிட்டது. அதற்குப் பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

முதலில் சுவர் முழுக்க முட்டை அட்டை மாதிரி ஃபோம் ஒட்டினோம். உள்ளே எதிரொலி அடங்கியது. வெளியே அதே பேச்சு, அதே தெளிவு. ஃபோம் அறைக்குள் அலைகிற சத்தத்தை உறிஞ்சும், அவ்வளவுதான். எடையே இல்லாத பொருள், தாண்டிப் போகிற சத்தத்தை எப்படித் தடுக்கும்?

அப்புறம் ஃபால்ஸ் சீலிங் வேலை செய்கிற அண்ணன் ஒருவர் வந்தார். ஏணி போட்டு ஒரு பலகையைத் தூக்கி டார்ச் அடித்தார். வெளிச்சம் தடங்கலே இல்லாமல் ஹாலின் தலைக்கு மேல் ஓடியது. “இங்க பாருங்க சார், செவுரே இல்ல” என்றார். தடுப்பு ஃபால்ஸ் சீலிங்கோடு நின்றுவிட்டது. அதற்கு மேல் இரண்டடி காலி.

மேலே கான்கிரீட் தளம் வரை சுவரை ஏற்றினோம்: இரண்டு பக்கமும் ஜிப்சம் போர்டு, நடுவில் ராக்வுல் என்கிற கல் இழைப் பஞ்சு. கதவடியில் ரப்பர் சீல். ஏசி காற்று திரும்பிப் போக வழி விட மறந்துவிடாதீர்கள், நாங்கள் மறந்து இரண்டு நாள் புழுங்கினோம். இப்போது வெளியே முணுமுணுப்புதான், வார்த்தை புரிவதில்லை.

*

சார், உங்கள் பதிவைப் படித்தேன், எங்களுக்கு வேறு பிரச்சினை. கோவையில் சீலிங்கே போடாமல் ஏசி டக்ட் தெரியும்படி விட்ட ஹால். கை தட்டினால் ஓசை இழுத்துக்கொண்டே போகும். 1890களில் ஹார்வர்டில் வாலஸ் சபைன் என்கிற இயற்பியலாளர் இருக்கை மெத்தைகளை அடுக்கி அடுக்கி அளந்து கண்ட கணக்கைத்தான் போட்டோம்: ஹாலின் கன அளவை 0.161ஆல் பெருக்கி, சத்தத்தை உறிஞ்சும் பரப்பால் வகுத்தால், ஓசை அடங்க எத்தனை விநாடி ஆகும் என்று வரும். 1,200 கன மீட்டருக்கு உறிஞ்சும் பரப்பு 100 சதுர மீட்டர்தான் இருந்தது, 1.9 விநாடி வந்தது. பாலியஸ்டர் பலகைகளைத் தொங்கவிட்டு அதை 300 ஆக்கினோம், 0.64க்கு இறங்கியது. யாரும் இப்போது கத்திப் பேசுவதில்லை.

*

நானும் இந்தப் பதிவைப் படித்தேன். நான் காதில் மெஷின் வைத்திருப்பவள். கண்ணாடி அறையில் நாலு பேர் சேர்ந்து பேசினால் எனக்கு எல்லாம் ஒரே இரைச்சல். பேசுகிறவர் வாயைப் பார்த்தே சமாளிப்பேன். போன மாதம் எங்கள் அறையில் கார்பெட்டும், இரண்டு சுவரில் தடித்த ஃபெல்ட்டும் போட்டார்கள். அன்று குனிந்து நோட்ஸ் எழுதிக்கொண்டே மீட்டிங் முழுவதும் கேட்டேன்.